கழுத்து பருத்தால் கொழுப்பு குறையுமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அமெரிக்கப் படைமுகாம்களில் உடல்கொழுப்பை அளவெடுக்கும் நாள் நெருங்கினால் சில வீரர்கள் கழுத்துக்குப் பயிற்சி எடுக்க ஆரம்பிப்பார்கள். மல்லாந்து படுத்து, நெற்றியில் எடைத்தட்டை வைத்துக்கொண்டு தலையைத் தூக்கி இறக்குவார்கள். தோளைக் காது வரை உயர்த்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் கணக்கு சுலபமானது. கழுத்துச் சுற்றளவு ஒரு இன்ச் கூடினால் தாளில் எழுதப்படும் கொழுப்புச் சதவீதம் ஏறக்குறைய இரண்டு புள்ளி இறங்கும். வயிற்றில் ஒரு கிராம்கூடக் கரைந்திருக்க வேண்டியதில்லை.

நான் ஜிம்மில் பயிற்சி கொடுப்பவன். நாள் முழுக்க டேப் கையில்தான் இருக்கும். புதிதாகச் சேர வருகிறவர்களில் பலர், கைபேசியில் ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பார்த்த கொழுப்புச் சதவீதத்தோடு வருகிறார்கள். “எனக்கு 19.4 சார், 15க்குக் கொண்டுவரணும்” என்பார்கள். அந்த 19.4 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் ‘நேவி மெத்தட்’ என்று இருக்கும். உலகம் முழுக்க உடற்பயிற்சி செய்கிறவர்கள் இன்று பயன்படுத்தும் அந்தக் கணக்கு, அமெரிக்கக் கடற்படையினரை அளப்பதற்காக சான் டியேகோவில் இருக்கும் கடற்படை ஆய்வகத்தில் 1984இல் உருவானது. ஹாட்ஜ்டன், பெக்கெட் என்ற இருவர் செய்த வேலை. ஒரு மனிதரின் பதவி உயர்வையே நிறுத்தி வைக்கும் அளவுக்கு அதற்கு அதிகாரம் இருந்திருக்கிறது. அதனால்தான் அதை விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆண்களுக்கான கணக்கு இப்படி. தொப்புள் மட்டத்தில் வயிற்றின் சுற்றளவை எடுத்து, அதிலிருந்து கழுத்தின் சுற்றளவைக் கழிக்க வேண்டும். வரும் எண்ணின் லாகரிதத்தை 86.010ஆல் பெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உயரத்தின் லாகரிதத்தை 70.041ஆல் பெருக்கி அதிலிருந்து கழித்துவிட்டு, 36.76ஐக் கூட்டினால் சதவீதம் வந்துவிடும். எல்லா அளவும் இன்ச்சில் இருக்க வேண்டும்.

உயரம் 70 இன்ச், வயிறு 36 இன்ச், கழுத்து 16 இன்ச் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கில் 19.4 சதவீதம் வருகிறது. அதே ஆளுக்குக் கழுத்து 15 இன்ச் என்றால் 21.3. 17 இன்ச் என்றால் 17.5. அமெரிக்கத் தரைப்படையின் அந்நாளைய விதிப்படி 17 முதல் 20 வயது வரையுள்ள ஆணுக்கு உச்சவரம்பு 20 சதவீதம். அதாவது ஒரே வயிறு, ஒரே உயரம் உள்ள இரண்டு இளைஞர்களில் ஒருவர் தேறுவதையும் இன்னொருவர் தவறுவதையும் கழுத்து முடிவு செய்துவிடும்.

கழுத்து எதற்கு இதற்குள் வந்தது? ஆண்களுக்குக் கொழுப்பு முதலில் வயிற்றில் சேரும். கழுத்தில் அவ்வளவாகச் சேராது. கழுத்து பருமனாக இருப்பவருக்கு எலும்பும் தசையும் பொதுவாகவே கனத்த வாகாக இருக்கும். எனவே உடம்பில் இருக்கும் தசைக்குக் கழுத்தை ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களை வரிசையாக நிறுத்தி அளந்தால் இது உண்மையாகவே பலிக்கிறது. அந்த 1984 ஆய்வில் 602 ஆண்கள் இருந்தார்கள். கூட்டத்துக்கு எடுபடுகிற அடையாளம் தனி ஒருவருக்கும் எடுபடும் என்று நம்பியதில்தான் சிக்கல். அதிலும் அந்த ஒருவர் கழுத்தை மட்டும் வளர்த்துக்கொண்டு வந்து நின்றால் கணக்கு என்ன செய்யும்?

சரி, அந்த 602 பேருக்கும் உண்மையான கொழுப்பு எவ்வளவு என்பது எப்படித் தெரிந்தது? அவர்களைத் தண்ணீருக்குள் அமர்த்தி எடை பார்த்திருந்தார்கள். டேப்புக்கு வாத்தியார் அந்தத் தண்ணீர்த் தொட்டிதான். அதன் கதை இன்னும் பழையது.

ஆல்பர்ட் பென்கி என்பவர் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவர். ஆழ்கடலில் முக்குளிப்பவர்களின் உடல்நலம் அவர் பொறுப்பு. 1939இல் ஸ்குவாலஸ் என்ற நீர்மூழ்கி கடலில் மூழ்கியபோது நடந்த மீட்புப் பணியில் அவரும் இருந்தார். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழியாகி ஆளையே சாய்த்துவிடும். நைட்ரஜன் தண்ணீரில் கரைவதைவிடக் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்து மடங்கு கரையும். ஆகவே முக்குளிப்பவர் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்பது பென்கிக்கு உயிர்ப் பிரச்சினை. ராணுவத்தின் கொழுப்பு அளவீடு அழகுக்காகவோ இதய நோய்க்காகவோ தொடங்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1942இல் பென்கியும் அவருடைய சகாக்களும் 25 தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களை அளந்தார்கள். உயரத்துக்கு இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று சொல்லும் அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் அதிக எடை, படைக்குச் சேர்க்கத் தகுதியில்லாதவர்கள். தண்ணீருக்குள் எடை பார்த்தபோதோ அவர்கள் உடம்பின் அடர்த்தி மிக உயர்வாக இருந்தது. அந்த எடை தசை. தராசை மட்டும் நம்பினால் நாட்டிலேயே திடமான ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்று அன்றே நிரூபணமாகிவிட்டது.

தொட்டியில் எடை பார்ப்பது சுலபமில்லை. தொட்டிக்குள் தொங்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். நுரையீரலில் உள்ள காற்றை முடிந்தவரை வெளியேற்றிவிட்டுத் தலையும் மறைய முங்க வேண்டும். அசையக் கூடாது. அப்போது தராசு என்ன காட்டுகிறது என்று பார்ப்பார்கள். எவ்வளவு ஊதினாலும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று மிஞ்சியிருக்கும். அதைத் தனியாகக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் அடர்த்தியால் 495ஐ வகுத்து, 450ஐக் கழித்தால் கொழுப்புச் சதவீதம். இது சிரி என்ற விஞ்ஞானி 1961இல் கொடுத்த சமன்பாடு.

இதற்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றதெல்லாம் சேர்ந்து 1.1 என்பது அது. கொழுப்புக்கு ஏறக்குறைய சரி. ஆனால் தசை, எலும்பு, தண்ணீர் மூன்றும் எல்லாருக்கும் ஒரே விகிதத்திலா இருக்கின்றன? எலும்பு கெட்டியாக உள்ளவரின் அடர்த்தி 1.1ஐத் தாண்டிவிட்டால் இந்தச் சமன்பாடு பூஜ்யத்துக்குக் கீழே ஒரு சதவீதத்தைக் காட்டும். உயிரோடு இருக்கும் எவருக்கும் கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆக வாத்தியாரிடமே கொஞ்சம் பிழை இருக்கிறது. அவரிடம் படித்த டேப் அந்தப் பிழையையும் வாங்கிக்கொண்டு, தன் பிழையையும் சேர்த்துக்கொள்கிறது.

டேப்புக்கு முன் இன்னொன்றையும் தரைப்படை முயன்று பார்த்தது. 1980இல் அதிபர் கார்ட்டர் படையினரின் உடல்தகுதி பற்றிக் கேள்வி எழுப்பினார். அதைத் தொடர்ந்து 1981இல், எடைக்குப் பதிலாகக் கொழுப்பை வைத்து வீரர்களை மதிப்பிட வேண்டும் என்று பாதுகாப்புத் துறை உத்தரவிட்டது. தரைப்படை முதலில் கையில் எடுத்தது காலிப்பர். கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே என நான்கு இடங்களில் தோலைக் கிள்ளிப் பிடித்து மடிப்பின் கனத்தை அளப்பது. டர்னின், வோமர்ஸ்லி இருவரும் 1974இல் 481 பேரை அளந்து வெளியிட்ட முறை அது. நான் காலிப்பரும் பயன்படுத்துகிறேன். முதுகுப்பக்க மடிப்பைப் பிடிக்கும்போது விரல் கொஞ்சம் ஆழமாகப் போனால் தசையும் சேர்ந்து வரும், மேலோட்டமாகப் பிடித்தால் பாதிக் கொழுப்பு நழுவிவிடும். பழகிய கைகள் இரண்டு ஒரே ஆளை அளந்தால்கூட எண் மாறும். ஆயிரக்கணக்கான முகாம்களில் யார் யாரோ கிள்ளி அளந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1986இல் தரைப்படை அதை விட்டுவிட்டு டேப்புக்கு வந்தது.

அந்த முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். டேப்புக்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். நீர்மூழ்கிக்குள்ளும் எடுத்துப் போகலாம், பாலைவனத்துக்கும் எடுத்துப் போகலாம். ஒரு மணி நேரத்தில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். விதிகளையும் அக்கறையோடுதான் எழுதியிருந்தார்கள். நீளாத டேப்பாக இருக்க வேண்டும். கழுத்தைக் குரல்வளை முடிச்சுக்குக் கீழே அளக்க வேண்டும். வயிற்றை இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும் தருணத்தில் அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி பார்க்க வேண்டும். அரை இன்ச் கணக்கில் சரியாக நிற்காவிட்டால் கழுத்தை அடுத்த அரை இன்ச்சுக்கு ஏற்றியும் வயிற்றை முந்தைய அரை இன்ச்சுக்கு இறக்கியும் எழுத வேண்டும். சந்தேகத்தின் பலன் வீரருக்கே.

ஆனால் ‘இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும் தருணம்’ என்பது எவ்வளவு வழுக்கலான விஷயம் என்பது டேப் பிடிப்பவனுக்குத்தான் தெரியும். டேப் வயிற்றில் பட்டதும் பெரும்பாலானவர்கள் தன்னை அறியாமலே வயிற்றை எக்கிக்கொள்வார்கள். “விடுங்க, சும்மா நில்லுங்க” என்றால் மூச்சை மட்டும் விடுவார்கள், வயிறு எக்கினபடியே இருக்கும். பேச்சுக் கொடுத்து, அவர்கள் பதில் சொல்லி முடிக்கும் நொடியில் பார்த்தால்தான் உண்மையான அளவு வரும். முதுகுப்பக்கம் டேப் அரை விரல் இறங்கியிருந்தாலும் எண் மாறும். கண்ணாடி முன் நிற்க வைத்துப் பக்கவாட்டில் பார்க்காமல் நான் எழுதுவதில்லை. இவ்வளவு செய்தும் காலையில் வெறும் வயிற்றில் வந்த அளவும் மாலையில் வந்த அளவும் ஒன்றாக இருப்பதில்லை.

இப்போது என் முக்கியமான ஆதங்கத்துக்கு வருகிறேன். 1984 சமன்பாட்டின் தரப்பிழை ஆண்களுக்குச் சுமார் 3.5 சதவீதப் புள்ளி, பெண்களுக்கு அதைவிடச் சற்று அதிகம். அதாவது டேப் 19.4 என்று சொன்னால், தொட்டியில் போட்டுப் பார்க்கும்போது மூன்றில் இரண்டு பேருக்கு 16க்கும் 23க்கும் நடுவில் ஏதோ ஓர் எண் வரும். மூன்றில் ஒருவருக்கு அதற்கும் வெளியே போகும். இதை ஆய்வாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. தரைப்படை வைத்திருந்த வயதுவாரி வரம்பைப் பாருங்கள்: ஆண்களுக்கு 20 வயது வரை 20, 27 வயது வரை 22, 39 வயது வரை 24, அதற்கு மேல் 26. ஒவ்வொரு படிக்கும் இடைவெளி இரண்டே புள்ளி. அளக்கும் கருவியின் பிழை, படிகளின் இடைவெளியைவிடப் பெரியது. இதை வைத்துக்கொண்டு ஒருவரை ‘தேறினார்’, ‘தவறினார்’ என்று பிரிப்பது அளவீடு தெரிந்தவன் எவனும் மனமொப்பிச் செய்யும் காரியமில்லை.

தவறினால் என்ன ஆகும்? பெயருக்கு எதிரே தடைக்குறி விழும். பதவி உயர்வு நிற்கும், உயர்பயிற்சிக்குப் போக முடியாது. மாதம் 3 முதல் 8 பவுண்டு வரை எடை குறைந்தாக வேண்டும், அல்லது ஒரு சதவீதம் கொழுப்பு. முன்னேற்றம் இல்லையென்றால் படையை விட்டே அனுப்பப்படலாம். இந்த பயத்தில்தான் அளவெடுக்கும் நாளுக்கு முன் சாப்பிடாமல் கிடப்பதும், நீராவி அறையில் உட்கார்ந்து உடம்பின் தண்ணீரை வற்ற வைப்பதும் நடக்கின்றன. நல்ல உடல்தகுதிக்காக வந்த விதி, ஒரு வீரரை வாரக்கணக்கில் பட்டினி போட்டுச் சோர்வாக்கினால் அது யாருக்கு லாபம்?

பெண்களுக்கு இது இன்னும் கடினமாக இருந்தது. அவர்கள் கணக்கில் இடுப்பின் ஒடுங்கிய இடத்தையும் பின்புறத்தின் அகன்ற இடத்தையும் கூட்டிக் கழுத்தைக் கழிப்பார்கள். தரைப்படை 2006 வரை வேறொரு கணக்கு வைத்திருந்தது. அதில் முன்கை, மணிக்கட்டுச் சுற்றளவெல்லாம்கூட உண்டு. பெண்களின் உடல்வாகு ஆண்களைவிடப் பலவிதம். கொழுப்பு தொடையிலும் பின்புறத்திலும் சேர்கிற உடம்பு உண்டு. 64 இன்ச் உயரம், 29 இன்ச் இடுப்பு, 13 இன்ச் கழுத்து உள்ள ஒரு பெண்ணுக்குப் பின்புறச் சுற்றளவு 40 என்றால் கடற்படைக் கணக்கில் 30.5 சதவீதம், 42 என்றால் 33. இடுப்பு ஒடுங்கியே இருக்க, அகன்ற எலும்புக்கட்டு மட்டும் இரண்டரைப் புள்ளியை ஏற்றிவிடுகிறது. இத்தனைக்கும் நோயைக் கொண்டுவருவது வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு; பின்புறக் கொழுப்பு அவ்வளவு பொல்லாதது இல்லை. பிரசவத்துக்குப் பிறகு இந்த அளவீட்டிலிருந்து விலக்கு நெடுங்காலம் ஆறு மாதம்தான். தரைப்படை 2021இல் அதை 365 நாளாக்கியது. அதை முன்பே செய்திருக்க வேண்டும்.

கொழுப்பு என்றாலே கழிவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தரைப்படையின் ரேஞ்சர் பயிற்சி எட்டு வாரத்துக்கு மேல் நடக்கும். தூக்கமும் உணவும் வேண்டுமென்றே குறைக்கப்படும். 1990களில் ராணுவ ஆய்வாளர் கார்ல் ஃப்ரீடலும் குழுவினரும் அந்தப் பயிற்சியில் இருந்த வீரர்களை அளந்தார்கள். உடல் எடையில் சராசரியாக 15 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தார்கள். சுமார் 14 சதவீதமாக இருந்த கொழுப்பு 6க்குப் பக்கத்தில் வந்து நின்றது. 4 முதல் 6 வரைதான் ஆரோக்கியமான ஆணின் அடித்தளம், அதற்குக் கீழே உடம்பு இறங்காது, தசையைத் தின்ன ஆரம்பித்துவிடும் என்பது அவர்கள் முடிவு. வயிற்றில் கட்டம் கட்டமாகத் தெரிய வேண்டும் என்று பட்டினி கிடக்கும் பையன்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். அந்த வீரர்களைப் பயிற்சி முழுக்கத் தாங்கிப் பிடித்தது, உள்ளே போகும்போது அவர்களிடம் இருந்த கொழுப்புதான்.

2023இல் நிலைமை மாறியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் புதிதாக அளந்து பார்த்த பிறகு, தரைப்படை கழுத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. பெண்களுக்குப் பின்புறச் சுற்றளவும் போயிற்று. எல்லாருக்கும் தொப்புள் மட்டத்தில் ஒரே ஓர் அளவு, கூடவே எடை என்று ஆனது. ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவை 1.99ஆல் பெருக்கி, பவுண்டில் உள்ள எடையை 0.12ஆல் பெருக்கி அதைக் கழித்து, மேலும் 26.97ஐக் கழிக்க வேண்டும். கவனித்தீர்களா, எடையைக் கழிக்கிறார்கள். 36 இன்ச் வயிறு உள்ள இருவரில் 180 பவுண்டு எடைக்காரருக்கு 23.1 சதவீதம், 200 பவுண்டுக்காரருக்கு 20.7. வயிறு ஒரே அளவாக இருக்கும்போது கூடுதல் எடை தசையாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது தர்க்கம். 1942இல் அந்தக் கால்பந்து வீரர்கள் தொட்டிக்குள் இருந்து சொன்ன விஷயம், ஒருவழியாகக் கணக்குக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. டேப்பில் தவறியவர், வசதி உள்ள இடங்களில், வேறு கருவியில் தன்னை அளக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று விதி வந்தது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், காற்றழுத்தத்தால் உடலின் கன அளவு பார்க்கும் பாட் பாட், உடலில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்க்கும் இன்பாடி 770 ஆகிய மூன்றில் ஒன்று. மரைன் படையும் அதே ஆண்டு முதல், டேப்பில் தவறினாலும் டெக்ஸாவோ மின்சாரக் கருவியோ உறுதி செய்த பிறகுதான் நடவடிக்கை என்று விதியை மாற்றியது. அப்புறம், தரைப்படையின் அப்போதைய உடல்தகுதித் தேர்வில் ஆறு பிரிவிலும் 80க்குக் குறையாமல் எடுத்து, மொத்தம் 540 புள்ளி தொட்டவரை அளக்கவே வேண்டாம் என்றும் ஆக்கினார்கள். அந்த விதி எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. ஓடி, தூக்கி, இழுத்துக் காட்டிய உடம்பை மறுபடி டேப்பிடம் எதற்கு விசாரிக்க வேண்டும்?

விமானப்படை வேறு வழியில் போனது. அங்கே 2023 முதல் இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுப்பார்கள், அவ்வளவுதான். 0.55ஐத் தொட்டால் ஆபத்து அதிகம், 0.5 முதல் 0.54 வரை நடுத்தரம். அளக்கும் இடம் தொப்புளிலிருந்து சற்று மாறும், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். நம் 70 இன்ச் மனிதருக்கு அங்கேயும் 36 இன்ச் என்றே வைத்துக்கொண்டால் விகிதம் 0.51. அவரையே 1984 கணக்கு 19.4 சதவீதம் என்றது. எடை 180 பவுண்டு என்றால் 2023 கணக்கு 23.1 என்கிறது. இருபது வயதில் அவர் முதல் கணக்கில் தேறுவார், இரண்டாவதில் தவறுவார், விமானப்படையில் நடுவில் நிற்பார்.

மூன்றில் எனக்கு நம்பிக்கை தருவது விமானப்படை முறைதான். அது இடுப்பை இடுப்பாகவே விட்டுவிடுகிறது. உள்ளே இத்தனை சதவீதம் கொழுப்பு என்று தெரிந்த மாதிரிச் சொல்வதில்லை. இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் இடுப்புச் சுற்றளவோடு உள்ள தொடர்பு நேரடியானது. நடுவில் சதவீதம் என்ற தரகர் தேவையில்லை.

என் பதிவேட்டிலும் அப்படித்தான். உயரம், எடை, இடுப்பு, அளந்த நேரம், அளந்தவர் பெயர் என்று ஐந்து கட்டங்கள். மூன்று மாதம் கழித்து அதே கை, அதே நேரத்தில், அதே இடத்தில் அளக்கும். இடுப்பு இறங்கி எடை அப்படியே இருந்தால் அந்த ஆளுக்குக் கை கொடுத்துப் பாராட்டுவேன், ஏனென்றால் அவர் கொழுப்பை விட்டுத் தசையைச் சேர்த்திருக்கிறார். சதவீதம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவர்களுக்கு 19.4 என்று எழுதுவதில்லை. 16க்கும் 23க்கும் நடுவில் என்று எழுதித் தருகிறேன்.